சமையல்கட்டில் கடவுளைக் கண்ட சகோதரர்

பிரான்ஸ் நாட்டின் தலைநகர் பாரிஸ். அங்கே வோழிரார் வீதியில், 17-ம் நூற்றாண்டில், கார்மல் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. வேதம் கற்ற குருக்கள் பலர் அந்த மடத்தில் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்த மடத்தில் அடுப்படியில் நின்று வெந்த ஒருவருடைய பெயர் மட்டும் கிறிஸ்தவ உலகம் முழுவதும் தெரியும்.

அவர்தான் சகோதரர் லாரன்ஸ்.

அவருக்குப் பெரிய படிப்பு கிடையாது. அவர் குரு அல்ல. பூசை வைத்ததில்லை, பிரசங்கம் செய்ததில்லை. சமைத்தார், பாத்திரம் கழுவினார், செருப்புத் தைத்தார். அவ்வளவுதான் அவருடைய உத்தியோகம்.

காலை முதல் இரவு வரை உழைக்கிறவன் எப்போது ஜெபம் செய்வது? கையில் வேலை, மனதில் கவலை, தலைக்கு மேல் அதிகாரி. இதற்கு நடுவே கடவுளுக்கு நேரம் எங்கே? எந்த நாட்டு உழைப்பாளிக்கும் இந்தக் கேள்வி உண்டு. லாரன்ஸ் அதற்கு ஒரு விடை கண்டார். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நின்று கண்டார். அதற்கு அவருக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ஏழை வீட்டுப் பிள்ளை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். 1614-ம் ஆண்டு வாக்கில் லொரேன் நாட்டில், லூனேவில் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். லொரேன் இன்று பிரான்சின் ஒரு பகுதி. அன்று அது ஒரு பிரபுவின் ஆட்சியில் தனி நாடாக இருந்தது.

பெற்றோர் ஏழைகள், ஆனால் பக்தி உள்ளவர்கள். பிள்ளையைப் பெரிய பள்ளிக்கு அனுப்ப அவர்களிடம் வசதி இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலைகளைச் செய்துதான் நிக்கோலாஸ் வளர்ந்தார்.

அவருக்கு 18 வயது நடந்தபோது ஒரு சம்பவம். குளிர் காலம். இலைகள் முழுவதும் உதிர்ந்து, வெறும் குச்சியாக நின்ற ஒரு மரத்தைக் கண்டார். அந்த நாட்டில் குளிர் காலத்தில் பல மரங்களும் அப்படித்தான் நிற்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நிக்கோலாஸ் பார்த்தார். பட்டுப் போனது போல நிற்கும் இந்த மரத்தில் இன்னும் சில வாரத்தில் இலை வரும், பிறகு பூ வரும், பழமும் வரும் என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. மரத்தைக் கைவிடாத கடவுள் மனிதனையும் கைவிட மாட்டார் என்று அவர் மனதில் பட்டது.

பிற்காலத்தில், 50 வயதைத் தாண்டிய பிறகும், அவர் அந்த மரத்தைப் பற்றிப் பேசினார். அன்று கடவுள் மீது உண்டான அன்பு பிறகு கூடியதா என்று தமக்கே சொல்லத் தெரியவில்லை என்றார். அவ்வளவு ஆழமாக அது பதிந்திருந்தது.

ஆனால் மரத்தைப் பார்த்த உடனே வாழ்க்கை மாறிவிடவில்லை. வயிற்றுப் பிழைப்பு இருந்தது. அவர் பட்டாளத்தில் சேர்ந்தார்.

தூக்குக் கயிறும் போர்க் காயமும்

ஐரோப்பாவில் அப்போது பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. 1618-ல் தொடங்கி 1648 வரை 30 ஆண்டுகள் நீடித்த போர் அது. கத்தோலிக்க அரசர்கள் ஒரு பக்கம், புரட்டஸ்டாண்டு அரசர்கள் மறு பக்கம் என்று ஆரம்பித்தது. பிறகு நாடு பிடிக்கும் சண்டையாக மாறியது. கத்தோலிக்க நாடான பிரான்சே புரட்டஸ்டாண்டு சுவீடனோடு சேர்ந்துகொண்டது. ஊர்கள் எரிந்தன. பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. இடையில் அகப்பட்ட லொரேன் நாடு சீரழிந்தது.

அந்த நாட்டுச் சித்திரக்காரர் ஜாக் கல்லோ, போரின் கொடுமைகளை 18 படங்களாகச் செதுக்கி 1633-ல் வெளியிட்டார். அதில் ஒரு படம் மிகவும் பிரசித்தம். ஒரு பெரிய மரம். அதன் கிளைகளில் எல்லாம் தூக்கிலிடப்பட்ட மனிதர்கள். நிக்கோலாஸ் பட்டாளத்தில் இருந்த காலம் அதுதான்.

ஒரு முறை ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்துவிட்டார்கள். ஒற்றன் என்று சந்தேகித்துத் தூக்கில் போடப் போவதாக மிரட்டினார்கள். அவர் பதறவில்லை. தாம் ஒற்றன் அல்ல என்றும், மனதறிந்து குற்றம் செய்யாதவனுக்குச் சாவும் ஒன்றுதான், வாழ்வும் ஒன்றுதான் என்றும் சொன்னார். அவருடைய தைரியத்தைக் கண்டு அவரை விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆபத்தில் முழுவதும் தப்ப முடியவில்லை. 1635-ம் ஆண்டு ராம்பெர்வில்லே என்ற சிறு நகரைச் சுவீடன் படை தாக்கியது. அந்தச் சண்டையில் நிக்கோலாஸ் காயம் அடைந்தார். பெற்றோரின் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நிலை ஏற்பட்டது. உயிர் பிழைத்தது. கால் பழையபடி ஆகவில்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் காலை இழுத்தே நடந்தார். வயது ஏற ஏற வலியும் ஏறியது.

படுக்கையில் கிடந்த நாட்களில் பட்டாளத்து வாழ்க்கை அவர் கண் முன்னால் வந்தது. அந்த நாட்களில் நடந்துகொண்ட விதத்தை நினைத்து மனம் வருந்தினார். இனி வேறு மாதிரி வாழ வேண்டும் என்று தீர்மானித்தார்.

பாத்திரம் உடைக்கும் வேலைக்காரர்

தீர்மானம் செய்வது சுலபம். வழி கிடைப்பது கஷ்டம். முதலில், உலகத்தை வெறுத்து ஒதுங்கிய ஒரு கனவானோடு சேர்ந்து வனவாசி போலத் தனியே வாழ்ந்து பார்த்தார். அது அவருக்கு ஒத்து வரவில்லை. ஒரு நாள் மகிழ்ச்சி, மறு நாள் துக்கம். ஒரு நாள் பக்தி, மறு நாள் வறட்சி. கட்டுப்பாடு இல்லாத தனிமை தமக்கு உதவாது என்று கண்டுகொண்டு வெளியே வந்தார்.

பிழைப்புக்காகப் பாரிஸ் போனார். சொந்த நாட்டை விட்டு, அறிமுகம் இல்லாத பெரிய பட்டணத்தில், கால் சரியில்லாத ஒரு முன்னாள் சிப்பாய்க்கு என்ன வேலை கிடைக்கும்? அரசாங்கப் பொக்கிஷ அதிகாரியான பியூபே என்பவரின் மாளிகையில் எடுபிடி வேலை கிடைத்தது.

அந்த வேலையில் நல்ல பெயர் வாங்கவில்லை. கை பட்டது எல்லாம் உடைந்தது. தாம் ஒரு முரட்டு மனிதன், எதையும் உடைத்துப் போடுகிறவன் என்று அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார்.

1640-ம் ஆண்டு, சுமார் 26 வயதில், அவர் வோழிரார் வீதி மடத்தின் கதவைத் தட்டினார். சேர்த்துக்கொண்டார்கள். உயிர்த்தெழுதலின் லாரன்ஸ் என்று புதுப் பெயர் கொடுத்தார்கள். 1642 ஆகஸ்டு 14-ந் தேதி நிரந்தர வாக்குறுதி எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து மடங்களில் இரண்டு வகைத் துறவிகள் உண்டு. லத்தீன் படித்து, குருப்பட்டம் பெற்று, பாடல் பூசைகளை நடத்துபவர்கள் ஒரு வகை. சமையல், தோட்டம், துணி, செருப்பு, கடைக்குப் போவது ஆகிய வேலைகளைச் செய்யும் பணிச் சகோதரர்கள் மற்றொரு வகை. படிப்பு இல்லாத லாரன்ஸ் பணிச் சகோதரராகவே சேர்ந்தார். கடைசி வரை பணிச் சகோதரராகவே இருந்தார்.

மடத்தில் சேரும்போது அவர் ஒன்றை எதிர்பார்த்தார். தம்முடைய முரட்டுத்தனத்துக்கும் பழைய பாவங்களுக்கும் அங்கே தோலை உரித்துவிடுவார்கள். அதுவே தமக்கு நல்ல தண்டனை என்று நினைத்து வந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. கடைசியில் கிடைத்தது மன நிறைவுதான். கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று பிற்காலத்தில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பிடிக்காத வேலை

அவருக்குக் கொடுத்த இடம் சமையல்கட்டு. அவருக்குப் பிடிக்காத வேலை எதுவோ அதுவேதான் கிடைத்தது. சமையல் வேலை என்றாலே அவருக்கு இயல்பாக வெறுப்பு. இதையும் அவர் மறைக்கவில்லை.

கார்மல் சபையில் ஒழுங்கு கடுமையானது. நோயாளிகளைத் தவிர மற்றவர்கள் மாமிசம் உண்பதில்லை. காய்கறி, மீன், முட்டை இவற்றை வைத்தே ஒரு பெரிய மடத்துக்குச் சமைக்க வேண்டும். விறகு அடுப்பு. கல் தரை. ஒரு பக்கம் புகை, மறு பக்கம் அவசரம். ஒரே நேரத்தில் பலர் பல பொருளைக் கேட்பார்கள். மணி அடித்தால் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். கால் சரியில்லாத ஒருவர் இத்தனைக்கும் நடுவே நாள் முழுவதும் நின்றாக வேண்டும்.

அப்படி அவர் நின்றது ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 15 ஆண்டுகள்.

பத்து ஆண்டு வேதனை

லாரன்சைப் பற்றிப் பேசுபவர்கள் அவருடைய முகமலர்ச்சியைச் சொல்வார்கள். அதற்கு முன் அவர் பட்ட பாட்டைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மடத்தில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகள் அவருக்கு மன அமைதி இல்லை. பழைய பாவங்கள் கண் முன்னால் வந்து நின்றன. கடவுளை நினைக்க முயன்றார். மனம் ஓடிப் போனது. விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார்.

அதிலும் ஒரு நான்கு ஆண்டுகள் மிகவும் கொடியவை. தமக்கு மோட்சம் இல்லை, நரகம்தான் என்று உறுதியாக நம்பினார். யார் எது சொல்லியும் அந்த எண்ணம் போகவில்லை.

அப்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தாம் மடத்துக்கு வந்தது கடவுளை நேசிப்பதற்கு. சாவுக்குப் பிறகு மோட்சமோ நரகமோ, அது கடவுள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். உயிர் இருக்கும் வரை அவரை நேசித்து, கையில் இருக்கும் வேலையை அவருக்காகச் செய்வது தம்முடைய காரியம். பலனைப் பற்றிய கணக்கை அவர் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

பாரம் நீங்கியது. மனம் அமைதி அடைந்தது. அதன் பிறகு அந்த அமைதி அவரை விட்டுப் போகவில்லை. அடுப்பு, புகை, அவசரம், கால் வலி இவற்றில் ஒன்றுகூட மாறவில்லை.

அவர் கண்ட வழி

லாரன்ஸ் கண்ட வழியில் மர்மம் எதுவும் இல்லை. கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பி, அவரோடு பேசிக்கொண்டே வேலை செய்வது. இதுதான் முழுவதும்.

வேலை தொடங்கும் முன் ஒரு சிறு வேண்டுதல்: இந்த வேலையைச் செய்யக் கட்டளை வந்திருக்கிறது, இதை ஒழுங்காகச் செய்யத் துணை இரும். வேலை நடக்கும்போது இடையிடையே ஒரு வார்த்தை. முடிந்த பிறகு ஒரு கணம் நின்று பார்ப்பது. நன்றாகச் செய்திருந்தால் நன்றி. தவறு நேர்ந்திருந்தால் மன்னிப்பு. அதோடு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தவறை நினைத்து நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்வதில்லை. கடவுள் கையை விட்டால் தம்மால் இப்படித்தான் செய்ய முடியும் என்று அவரிடமே சொல்லிவிட்டு நடப்பார்.

வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் கடவுள் மீது வைத்த அன்புக்காகச் செய்தார். வேறு வேலை இல்லாவிட்டால் தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுந்திருப்பார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் குனிந்து எடுப்பதுகூட அந்த அன்போடு செய்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். கடவுள் வேலையின் பருமனைப் பார்ப்பதில்லை, அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார் என்று அவர் நம்பினார்.

ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற பிரிவு அவருக்கு மறைந்துபோயிற்று. மடத்தின் ஒழுங்குப்படி ஜெபத்துக்கு மணி அடித்தால் போவார். ஆனால் கோவிலில் முழங்காலில் இருக்கும்போது கடவுள் எவ்வளவு அருகில் இருந்தாரோ, பாத்திரங்கள் உருளும் சமையல்கட்டிலும் அவ்வளவு அருகில் இருந்தார்.

இந்த எண்ணம் அந்தச் சபைக்குப் புதியதும் அல்ல. கார்மல் சபையைச் சீர்திருத்திய அவிலா நகரத்துத் தெரேசம்மாள் (1515-1582), சமையல்கட்டில் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம்முடைய கன்னியாஸ்திரிகளுக்குச் சொல்லிவைத்தவர். லாரன்ஸ் அதைச் செய்து காட்டினார்.

வேலையில் மனம் கடவுளிடம் இருந்தால் வேலை கெட்டுப் போகாதா? கெடவில்லை. எவ்வளவு நெருக்கடியிலும் அவர் பதறி ஓடியதில்லை. சும்மா நின்றதும் இல்லை. ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில், அமைதியாகச் செய்து முடித்தார். மாளிகையில் எல்லாவற்றையும் உடைத்த அதே கைகள்தான் இவை.

படகில் உருண்ட சகோதரர்

மடத்துக்குத் திராட்சை மது வாங்க அவரை வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒரு முறை ஓவர்ஞ் பகுதிக்கும், மறு முறை பர்கண்டிக்கும் போனார். வியாபாரம் அவருக்குத் தெரியாத வேலை. பேரம் பேசத் தெரியாது. அதோடு கால் வேறு ஊனம். படகில் எழுந்து நடக்க முடியாது. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போக வேண்டுமானால் மதுப் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் போக வேண்டும்.

அவர் வெட்கப்படவில்லை, கவலைப்படவும் இல்லை. இது உம்முடைய வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டு உருண்டார். வியாபாரம் எப்படியோ நல்லபடியாக முடிந்தது. எப்படி முடிந்தது என்று தமக்கே தெரியாது என்றார்.

வயது ஏறியது. கால் வலி பொறுக்க முடியாமல் போனது. அடுப்படியில் நிற்க இயலாது என்று கண்டு, உட்கார்ந்து செய்யும் வேலையாகச் செருப்புத் தைக்கக் கொடுத்தார்கள். இந்தச் சபைத் துறவிகள் பூட்ஸ் அணிவதில்லை, மிதியடிதான். அத்தனை பேருக்கும் மிதியடி தைப்பதும் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு ஆயிற்று. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும், கூப்பிட்டால் விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தார். சமையல்கட்டில் ஆள் குறைந்தால் ஒத்தாசைக்கும் போனார்.

தேடி வந்தவர்கள்

1666 ஆகஸ்டு 3-ந் தேதி அவரைப் பார்க்க ஒரு குரு வந்தார். பெயர் ஜோசப் டி போபோர்ட். பிற்காலத்தில் பாரிஸ் பேராயர் ஆகி, கார்டினலாகவும் உயர்ந்த நோவாயின் கீழ் பெரிய பொறுப்பு வகித்தவர். லாரன்ஸ் அவரை வரவேற்ற விதம் அலாதியானது. உண்மையில் கடவுளுக்கு ஊழியம் செய்யும் எண்ணம் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்; அந்த எண்ணம் இல்லாவிட்டால் இனி வர வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார்.

போபோர்ட் மீண்டும் வந்தார். 1667 நவம்பர் வரை நடந்த நான்கு பேச்சுகளைக் குறித்து வைத்துக்கொண்டார். ஒரு சமையல்காரர் சொன்னதைப் படித்த குரு எழுதிக்கொண்டார்.

கன்னியாஸ்திரிகளும் குடும்பஸ்தர்களும் லாரன்சுக்குக் கடிதம் எழுதி யோசனை கேட்டார்கள். அவர் எழுதிய 16 கடிதங்கள் மிஞ்சியுள்ளன. ஜெபத்தில் மனம் அலைகிறது என்று ஒருவர் முறையிட்டார். நீளமாகப் பேச வேண்டாம், பணக்காரன் வீட்டு வாசலில் காத்திருக்கும் ஊமைப் பிச்சைக்காரனைப் போலச் சும்மா நின்றால் போதும் என்று ஆறுதல் சொன்னார். பட்டாளத்தில் இருந்த ஒருவருக்கு அவர் சொல்லி அனுப்பிய யோசனை வேறு மாதிரி. கையில் வாளோடு நடந்து போகும்போதுகூட ஒரு கணம் மனதைக் கடவுளிடம் உயர்த்தினால் அதுவே ஜெபம், அதனால் வீரம் குறைந்துவிடாது என்றார். அவரும் ஒரு காலத்தில் வாள் ஏந்தியவர்தானே.

எல்லாரும் பாராட்டவில்லை. இது சோம்பேறித்தனம், மனப்பிரமை, சுயநலம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுகளையும் அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் அதோடு சண்டைக்குப் போகவில்லை. அடுத்த செருப்பை எடுத்துத் தைத்தார்.

கடைசி நாட்கள்

பிரான்சில் புகழ் பெற்ற குருவும் எழுத்தாளருமான பெனலோன், நோய்ப் படுக்கையில் இருந்த லாரன்சை ஒரு முறை பார்த்துப் பேசினார். பேச்சு சாவைப் பற்றியது. உடம்பு மிகவும் மோசம். ஆனால் நோயாளியின் முகத்தில் மகிழ்ச்சிக்குக் குறைவு இல்லை. பார்வைக்குக் கரடுமுரடான மனிதர், உள்ளமோ மிக மென்மையானது என்று பெனலோன் பிற்பாடு எழுதினார்.

1691 பிப்ரவரி மாதம் நோய் முற்றியது. 6-ந் தேதி ஒரு கன்னியாஸ்திரிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். இன்னும் சில நாட்களில் கடவுளை நேரில் காணலாம் என்ற நம்பிக்கையை அதில் தெரிவித்தார். படுக்கைக்கு அருகே வந்த ஒரு துறவி, இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர் என்று கேட்டார். நித்திய காலமும் என்ன செய்யப் போகிறேனோ அதையே இப்போதும் செய்கிறேன், கடவுளைப் புகழ்கிறேன் என்பது லாரன்சின் பதில்.

பிப்ரவரி 12-ந் தேதி காலையில் அமைதியாக உயிர் பிரிந்தது. அப்போது வயது சுமார் 77. மடத்தில் சேர்ந்து 50 ஆண்டுகள் கடந்திருந்தன.

உலகம் சுற்றிய சிறு நூல்

போபோர்ட் தம்மிடம் இருந்த குறிப்புகளையும், கடிதங்களையும் சேகரித்து 1692-லும் 1694-லும் நூல்களாக வெளியிட்டார். அவை சேர்ந்துதான், கடவுளின் சந்நிதியில் வாழும் பழக்கத்தைப் பற்றிய சிறு நூலாக உலகத்துக்குக் கிடைத்தன. அந்த நூலுக்கும் சோதனை வந்தது. மனதை அடக்கிச் சும்மா இருப்பதே பக்தி என்ற போதனையைப் பற்றிப் பிரான்சில் பெரிய சச்சரவு எழுந்தது. 1699-ல் பெனலோனின் ஒரு நூலைப் போப்பாண்டவர் கண்டித்தார். அந்தச் சச்சரவில் லாரன்சின் பெயரும் இழுக்கப்பட்டது. கத்தோலிக்கர்களிடையே அவருடைய நூல் மங்கிப்போயிற்று.

ஆனால் சண்டையின் மறு பக்கத்தில் இருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பியர் போவரே என்ற புரட்டஸ்டாண்டு போதகர் அதை மீண்டும் பதிப்பித்தார். 1724-ல் ஆங்கிலத்தில் வந்தது. மெதடிஸ்டு சபையை நிறுவிய ஜான் வெஸ்லி தம்முடைய நூல் வரிசையில் அதைச் சேர்த்தார். பிறகு கத்தோலிக்கர்களும் அவரை மீண்டும் கண்டெடுத்தார்கள். இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட போரில் காயம்பட்டவர் அவர். அவருடைய நூலை இரண்டு தரப்பும் இன்று ஒன்று போலப் படிக்கின்றன.

அவர் வாழ்ந்த மடமும் பிறகு இரத்தத்தைக் கண்டது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பர் 2-ந் தேதி, அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த குருக்கள் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். மடத்தின் கோவில் வோழிரார் வீதியில் இன்றும் இருக்கிறது.

லாரன்சின் வழியைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் இடம் உண்டு. கிடைத்த வேலையைச் செய்துகொண்டு வாய் மூடி இரு என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. நியாயமான கூலியைக் கேட்பது ஒன்று. கையில் இருக்கும் வேலையை எந்த மனதோடு செய்வது என்பது வேறொன்று. அவர் பேசியது இரண்டாவதைப் பற்றி. பிடிக்காத வேலையைப் பிடித்தது போல அவர் பாசாங்கும் செய்யவில்லை. சமையல் வேலை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டேதான் 15 ஆண்டுகள் நன்றாகச் சமைத்தார்.

பக்தி செய்வதற்கு ஓய்வு கிடைக்க வேண்டும், ஊருக்குத் திரும்ப வேண்டும், பிள்ளைகள் கரையேற வேண்டும் என்று நாள் தள்ளிப் போடுவோர் உண்டு. லாரன்ஸ் தள்ளிப் போடவில்லை. ஓட்டலில் மாவாட்டுகிறவருக்கும், ஆலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவருக்கும், அலுவலகத்தில் பைல் புரட்டுகிறவருக்கும் அவர் விட்டுச் சென்ற செய்தி மிகச் சிறியது. கடவுளைத் தேடிப் போக வேண்டிய இடம் தொலைவில் இல்லை. இப்போது கையில் இருக்கும் வேலையில் தொடங்கலாம். மனம் ஓடிப் போனால் திரும்ப அழைத்து வரலாம். பத்து ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை; அவருக்கும் அவ்வளவு காலம் ஆயிற்று.